வெள்ளகவியில் ஏன் இன்னும் மக்கள் குடியிருக்கிறார்கள்?

தம்பி, நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கொடைக்கானல் மலையின் தெற்குச் சரிவில், வண்டி போக வழியில்லாத வெள்ளகவியில் மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது ஒன்று. இத்தனை சிரமத்தோடு அங்கேயே கிடப்பதற்குப் பெரியகுளத்துக்கோ மதுரைக்கோ இறங்கி வந்துவிடலாமே என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்வியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அந்த ஊருக்கு முதல்முறை போய்த் திரும்பிய அன்று நானும் அதையேதான் கேட்டேன்.

நான் மதுரை செல்லூர்க்காரன். 1980களில் பெரியகுளத்தில் ஒரு கமிஷன் கடையில் கணக்கெழுதச் சேர்ந்தேன். காப்பிக்கொட்டை, மிளகு, எலுமிச்சை, மலைவாழை, ஆரஞ்சு என்று மேலேயிருந்து இறங்கும் எல்லாவற்றுக்கும் கடையில் ஒரே பெயர்தான்: மலைச்சரக்கு. அந்தச் சரக்கைக் கொண்டுவருகிறவர்களோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் பழகினேன். அவர்கள் வீட்டுத் திண்ணைகளில் படுத்து எழுந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் இடத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். பெரியகுளம் 300 மீட்டருக்கும் கீழே. இரண்டுக்கும் நடுவே, செங்குத்தாக இறங்கும் மலையின் ஒரு மடிப்பில் வெள்ளகவி உட்கார்ந்திருக்கிறது. மேலேயிருந்து வந்தால் வட்டக்கானலில் பஸ், ஜீப் எல்லாம் நின்றுவிடும். சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கீழேயிருந்து வந்தால் பெரியகுளத்திலிருந்து எட்டு ஒன்பது கிலோமீட்டரில் கும்பக்கரை அருவி, அங்கிருந்து ஏற்றம். ஊர்க்காரர்கள் மூன்று மணி நேரத்துக்குள் ஏறிவிடுவார்கள். எனக்கு முதல்முறை ஐந்து மணி நேரம் ஆனது. அந்தக் கும்பக்கரையில் விழும் பாம்பாறு கடைசியில் வைகையில்தான் சேர்கிறது. ஆகவே மதுரைக்காரர்களான நமக்கு அந்தச் சரிவு அந்நிய இடமில்லை.

சாலை இல்லாத ஊர் என்றதும் வெளியுலகம் அறியாத ஊர் என்று நினைத்துவிடுகிறோம். வெள்ளகவியின் கதை வேறு. 1821இல் பழனி மலைத்தொடரை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு, மலையில் பயிர் செய்து வாழும் குன்னுவர்களின் ஊரான வெள்ளகவியில் முகாம் போட்டுத்தான் மேலே ஏறினார். அப்போது கொடைக்கானல் என்றொரு நகரமே கிடையாது. மேலே சோலைக்காடும் புல்வெளியும்தான். காய்ச்சலுக்கும் காலராவுக்கும் அஞ்சிய அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் முதலில் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள். அங்கும் மலேரியா விடவில்லை. 1845இல்தான் கொடைக்கானலில் அவர்களுடைய முதல் வீடுகள் எழுந்தன. இன்று எல்லோரும் படகு விடும் ஏரியை மதுரைக் கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் உண்டாக்கியது 1863இல். கொடைக்கானல் பிறப்பதற்கு முன்பே வெள்ளகவியில் வீடும் தோட்டமும் கோயிலும் இருந்தன.

பிறகு வழி நகர்ந்தது. வார்டுக்குப் பின் வந்தவர்கள் தேவதானப்பட்டி, அடுக்கம் பக்கமாக ஏறினார்கள். அதற்குப் பின் அடிவாரத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து, கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூருக்குக் குதிரைப்பாதை வந்தது. 1875இல் மதுரைக்கு ரயில் வந்ததும், அம்மையநாயக்கனூரில் (இன்றைய கொடைக்கானல் ரோடு நிலையம்) இறங்கி, மாட்டுவண்டியில் அடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து கூலியாட்களின் தோளில் நாற்காலியிலும் டோலியிலும் வெள்ளைக்காரர்கள் மலையேறினார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் வத்தலக்குண்டு வழியாக மோட்டார் சாலை திறந்தது. இப்படி வழி கடைசியில் கிழக்கே விலகிப் போனது. ஊர் நகரவில்லை. அந்தத் தொலைவு பின்னால் வந்தது. அதை உண்டாக்கியவர்கள் ஊர்க்காரர்கள் இல்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடையின் பாதி இதிலேயே இருக்கிறது.

இனிப் பிழைப்பு. அங்கே எந்தப் பயிர் போடுவது என்பதை மண்ணும் மழையும் மட்டும் முடிவு செய்வதில்லை, குதிரையின் முதுகும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. நான் ஏட்டில் எழுதிய அத்தனை கணக்குக்கும் அடியில் இருந்தது இதுதான். ஒரு மட்டக்குதிரை அந்தப் பாதையில் பக்கத்துக்கு ஒரு மூட்டையாக எண்பது கிலோ சுமக்கும். மிஞ்சிப் போனால் நூறு. குதிரைக்காரருக்கு ஒரு நாள் முழுதும் போய்விடும். அந்த எண்பது கிலோவும் முட்டைக்கோசாக இருந்தால் விற்ற பணம் கூலிக்கே போதாது. மிளகாக இருந்தால் கூலி போக வீட்டுக்கு ஏதாவது மிஞ்சும். மேல்மலை ஊர்களான பூம்பாறை, மன்னவனூர் பக்கம் கேரட்டும் உருளையும் பூண்டும் விளைகின்றன என்றால் அங்கே லாரி வருகிறது. அதே மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது. வெள்ளகவியில் காப்பி, மிளகு, பட்டர்ஃப்ரூட், ஆரஞ்சு, எலுமிச்சை என்று நிற்பதற்குக் காரணம், எடைக்கு ஏற்ற விலை கிடைக்கும் பொருள்களையே அந்த ஊர் சுமக்க முடியும் என்பதுதான்.

காப்பியிலும் ஒரு சங்கடம். ஏறத்தாழ ஆறு கிலோ பழுத்த பழத்திலிருந்து ஒரு கிலோ காப்பிக்கொட்டைதான் தேறும். பழமாகவே இறக்கினால் ஐந்து பங்கு தண்ணீரையும் தோலையும் குதிரை சுமக்கிறது. வழியில் அது புளித்தும் போகும். ஆகவே மேலேயே உலர்த்தி இறக்க வேண்டும். ஆனால் பழம் பறிக்கும் காலமே பனியும் மூடுபனியும் அடைமழையின் வாலும் சேர்ந்த காலம். கார்த்திகையில் களத்தில் பரப்பிய பழத்தை ஒரு நாளில் நான்கு முறை அள்ளிக் குவித்து மூடிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படிக் காய்ந்தும் காயாமலும் வரும் மூட்டையில் கடைக்காரர் கைவிட்டு ஒரு பிடி அள்ளுவார். கடித்துப் பார்ப்பார். "ஈரம்" என்பார். மூட்டைக்கு இத்தனை கிலோ கழிவு என்று என்னிடம் சொல்வார். நான் எழுதுவேன்.

அந்தக் கழிவில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வழக்கம் என்று எனக்குத் தெரியும். கொண்டுவந்தவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் வேறு கடைக்குப் போக மாட்டார், போக முடியாது. ஆடி மாதம் மகள் கல்யாணத்துக்கோ மருந்துச் செலவுக்கோ எங்கள் கடையில் முன்பணம் வாங்கியிருப்பார். வாங்கிய கடைக்கே சரக்கைப் போட்டாக வேண்டும். போகட்டும் என்று மூட்டையைத் திருப்பி எடுத்துப் போகலாம் என்றால், இறக்கிய சுமையை மறுபடி மலையேற்ற யாரால் முடியும்? சாலையோரத்து விவசாயி விலை பிடிக்காவிட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வத்தலக்குண்டு போவார். இவர் பேரம் பேசும் பலத்தை ஏற்றத்திலேயே இழந்துவிட்டுத்தான் கடை வாசலில் வந்து நிற்கிறார். இந்த அநியாயத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

பலா பற்றி ஒரு வார்த்தை. அந்தச் சரிவில் பலா நன்றாகக் காய்க்கும். ஒரு காய் பதினைந்து கிலோ. நான்கைந்து காயை இறக்கக் குதிரை பிடித்தால் கட்டாது. மரத்தடியில் விழுந்து வெடிப்பதை வீட்டார் தின்றது போக, மீதியைக் கரடி தின்னும். வாசனைக்குக் கரடி வரும் என்பதால் பலாக் காலத்தில் பெண்கள் தனியே தோட்டத்துக்குப் போக மாட்டார்கள். கீழ்ப்பழனி மலையில் ஒரு காலத்தில் கொழித்த கமலா ஆரஞ்சும் மலைவாழையும் நோயில் அடிபட்டன. வாழைக்கு முடிக்கொத்து நோய். அது தனிக் கதை.

இறங்கும் சுமையைச் சொன்னேன். ஏறும் சுமைதான் இன்னும் கொடியது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். ஒரு குடும்பத்துக்கு 20 கிலோ என்றால், அந்த இலவச அரிசி வீடு வந்து சேரக் குதிரைக்கூலி கொடுக்க வேண்டும், அல்லது வீட்டில் ஒருவர் தலைச்சுமையாகத் தூக்க வேண்டும். சமையல் எரிவாயு உருளையில் வாயு 14.2 கிலோ; இரும்போடு சேர்த்தால் முப்பது கிலோ. சிமெண்டு மூட்டை 50 கிலோ; ஒரு குதிரைக்கு ஒன்றரை மூட்டை என்று வைத்துக்கொண்டு, ஒரு சிறிய வீட்டுக்கு எத்தனை நடை ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். மணல், கம்பி, ஓடு எல்லாம் தனி. கீழே ஒருவர் வீடு கட்டும் பணத்தில் மேலே சுவர் பாதி எழும். தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்களும் குதிரை முதுகில்தான் வெள்ளகவிக்குப் போகின்றன. பத்திரிகைகளில் படம் வரும். அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் குதிரையைப் பார்க்கிறார்கள். மற்ற நாள்களில் அதே குதிரைக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்று கேட்பதில்லை.

நோய் வந்தால் என்ன செய்வார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஒரு ஐப்பசியில் சரக்கு பார்க்கப் போன நான் மழையால் அந்தச் சரிவு ஊர் ஒன்றிலேயே தங்க நேர்ந்தது. மாலையில் ஒரு மூதாட்டி களத்துப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இருட்டுவதற்குள் மூங்கில் வெட்டி வந்தார்கள். கம்பளியை இரண்டாக மடித்து, மூங்கிலில் கயிற்றால் இறுக்கினார்கள். அதுதான் டோலி. எட்டுப் பேர், நான்கு பேர் தூக்க, நான்கு பேர் மாற்று. இறக்கத்தில் முன்னால் போகிறவர் தாழ்ந்துபோவார் என்பதால் உயரமானவர்களை முன்னால் நிறுத்தினார்கள். கால் முன்னால், தலை பின்னால். அப்படிப் போனால்தான் இரத்தம் தலைக்கு இறங்காது என்றார்கள். யாரும் யாருக்கும் கட்டளையிடவில்லை. சிறுவயதிலிருந்தே பார்த்துப் பழகிய வேலை.

நான் விளக்குப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். ஓடையைக் கடக்கும் இடத்தில் தண்ணீர் முழங்கால் வரை வந்தது. அங்கே பாலம் இல்லை. நான்கு பேர் தண்ணீரில் சங்கிலிபோல் நின்று, டோலியைக் கைமாற்றி அக்கரை சேர்த்தார்கள். மூதாட்டி ஒரு சொல் முனகவில்லை. "உங்களுக்கெல்லாம் இந்த நேரத்தில் சிரமம்" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். அடிவாரம் சேர்ந்தபோது விடிய இரண்டு மணி நேரம் இருந்தது. வண்டிக்காகக் காத்திருந்தோம். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்கப்பட்ட கேள்வி, "ஏன் இவ்வளவு தாமதம்?" என்பது. அவர் பிழைத்தார். ஆனால் திரும்பவும் நடந்து ஊர் ஏற முடியாததால், மீதி நாள்களைக் கீழே மகள் வீட்டு வாசலில் மலையைப் பார்த்தபடியே கழித்தார்.

2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது நல்ல மாற்றம். அடிவாரத்தில் காத்திருக்கும் நேரம் குறைந்தது. ஆனால் அந்த வண்டி நிற்கும் இடத்துக்கு மேலே இன்றும் தோள்தான். இதில் விதியின் ஓட்டை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அரசு அளவுகோல். மலைக்குச் சலுகை கொடுத்ததுபோல் தோன்றும். ஆனால் சில நூறு பேர் மட்டுமே வாழும் ஊர் எந்தக் காலத்திலும் அந்த எண்ணைத் தொடாது. தலையை எண்ணுகிறார்கள், நடக்கும் மணி நேரத்தை எண்ணுவதில்லை. மூன்று மணி நேர நடைக்கு மேல் உள்ள ஊருக்கு, எத்தனை பேர் இருந்தாலும், ஊரிலேயே தங்கும் ஒரு செவிலியர் என்று விதி எழுதினால் எத்தனையோ உயிர் தப்பும். இதை நான் பார்க்கிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நிர்வாக எல்லையும் இவர்களுக்குத் துணையாக இல்லை. முன்பு எல்லாம் ஒரே மதுரை மாவட்டம். 1985இல் திண்டுக்கல் பிரிந்தது. 1990களில் தேனி பிரிந்தது. வெள்ளகவி திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் ஒன்றியம்; அந்தப் பெயரிலேயே ஓர் ஊராட்சி. காலடியில் இருக்கும் பெரியகுளம் தேனி மாவட்டம். சந்தைக்கு இறங்க வேண்டும், தாலுகா அலுவலகத்துக்கு ஏற வேண்டும். ஒரு சான்றிதழுக்காக ஒரு நாள் ஏற்றம், அதிகாரி இல்லையென்றால் மறுநாள் மறுபடி ஏற்றம்.

பள்ளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொடக்கப் பள்ளிக்கு மேல் படிக்க வேண்டுமென்றால் விடுதிதான். கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி வேண்டும் என்கின்றன. மலையில் ஒரு கிலோமீட்டர் என்பது வேறு அளவு. பத்து வயதில் பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் படித்து முன்னேறியும் இருக்கிறார்கள். பாதியில் திரும்பி வந்தும் இருக்கிறார்கள்.

அந்த ஊரில் செருப்புப் போட மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மை. ஊர் எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும். உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர், அதிகாரி என்ற வேறுபாடு இல்லை. வீட்டை விடக் கோயில் அதிகம் என்று சொல்லும்படி, திரும்பிய பக்கமெல்லாம் சாமி. வீட்டு வாசலும் கோயில் வாசலும் ஒட்டியே இருக்கும்போது ஊர் முழுவதுமே கோயில்தான் என்பது அவர்கள் கணக்கு. வெளியே இதை ஒரு விநோதமாக எழுதுகிறார்கள். அங்கே நடந்து பார்த்தவனாகச் சொல்கிறேன்: சந்துகள் சுத்தமாக இருக்கும், கண்ட இடத்தில் துப்ப யாருக்கும் மனம் வராது, யார் வந்தாலும் வெறுங்காலோடு, ஒரே உயரத்தில்தான் பேச வேண்டியிருக்கும்.

சரி, ஏன் இறங்கவில்லை? முதலில், பலர் இறங்கிவிட்டார்கள். படித்த பிள்ளைகளும் படிக்காத பிள்ளைகளும் கொடைக்கானல் விடுதிகளிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் வேலை பார்க்கிறார்கள். மலையில் இருப்பவர்களைப் பார்த்தால், அவர்களுக்கு அங்கே நிலம் இருக்கிறது. பெரியகுளத்துக்கு வந்தால் மாந்தோப்புக் கூலி, மாத வாடகை. மேலே காப்பிக்காரர், கீழே யாரோ ஒருவர். என் கடைக்கு வரும் பெரியவர் ஒருவரிடம் நான் இதே கேள்வியைக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "உங்கள் செல்லூரில் வெள்ளம் வந்தால் எல்லோரும் ஊரை விட்டுப் போய்விடுவீர்களா, கணக்குப்பிள்ளை?" என்று கேட்டார். வைகை பெருகினால் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறுவதும், வடிந்ததும் நாங்கள் திரும்பி வந்து சேற்றை வழித்துக் கொட்டிவிட்டு அடுப்பு மூட்டுவதும் அவருக்கு எப்படித் தெரிந்ததோ. அதற்குப் பிறகு யாரிடமும் நான் அதைக் கேட்கவில்லை.

அப்படியானால் சாலை போட்டால் தீர்ந்ததா என்பீர்கள். சாலை வேண்டும் என்பது ஊரின் நெடுநாள் கோரிக்கை. நானும் அந்தக் கோரிக்கையின் பக்கம்தான். ஆனால் எளிதில்லை. பாதை காட்டுக்குள் போகிறது. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். 2013இல் சுமார் 600 சதுர கிலோமீட்டர் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் ஒரு வழி உண்டு: பிரிவு 3(2)இன்படி, கிராமசபை பரிந்துரைத்தால் சாலை, பள்ளி, மருந்தகம் போன்ற வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலம் ஒதுக்கலாம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. ஆனால் ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். நான்கு மீட்டர் அகலத்தில் சாலை போட்டால் இரண்டரை கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். வெள்ளகவிக்கு அது போதாது.

அடுக்கம் வழியாகப் பெரியகுளத்திலிருந்து போட்ட சாலையைப் பாருங்கள். மழைக்கு மழை மண் சரிந்து அடைபடுகிறது. வெட்டிய மலை சும்மா இருப்பதில்லை. சாலை வரும் என்று காத்திருக்கும் காலத்தில் பாதையை யாரும் கவனிக்காமல் விடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஓடைகளின் மேல் நடைபாலம், வழுக்கும் இடங்களில் கற்படி, சரியும் இடங்களில் தடுப்புச்சுவர், பாதிவழியில் மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகை. இவற்றுக்குக் காடும் அழியாது, கோடிகளும் வேண்டாம். மேலே ஊருக்குப் பொதுவாக ஒரு காப்பிப்பழத் தோலுரிப்பு இயந்திரமும் உலர்த்த மேற்கூரை போட்ட களமும் இருந்தால், "ஈரம்" என்று சொல்லிக் கழிவு போடும் கடைக்காரர் வாயடைத்துப் போவார். தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அறிவுக்குப் பஞ்சமில்லை. ரேஷன் பொருளுக்கான குதிரைக்கூலியை அரசே ஏற்கலாம்.

நீங்கள் நேரில் போக விரும்புவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். போங்கள், ஆனால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். 2018 மார்ச் மாதம் குரங்கணி மலையில் தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை மறக்க வேண்டாம். மாசி முதல் சித்திரை வரை அந்தச் சரிவுகளில் புல் காய்ந்து கிடக்கும். அந்த மாதங்களைத் தவிருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஓடை பெருகும், அட்டை ஏறும். மார்கழிக்கு மேல், தை முடிவதற்குள் போனால் களத்தில் காப்பி காய்வதையும் பார்க்கலாம். உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஒரு நாள் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். எல்லையில் செருப்பைக் கழற்றிவிடுங்கள். கொண்டுபோகும் பிளாஸ்டிக்கைத் திருப்பி எடுத்து வாருங்கள். உங்கள் பையைக் குதிரையில் ஏற்றக் கேட்காதீர்கள். ஏறும் குதிரையில் அன்று யாரோ ஒருவர் வீட்டு அரிசி இருக்கும்.